சிவப்புச் சட்டையில் துக்கம் கேட்கப் போனது

என் பெட்டி காரியாபட்டியில் இறங்கிவிட்டது, நான் இறங்கவில்லை. மதுரையிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் போகும் பஸ்ஸின் கூரையில், வெங்காய மூட்டைகளுக்கும் ஒரு கட்டில் சட்டத்துக்கும் நடுவே அதை நானேதான் ஏற்றி வைத்தேன். காரியாபட்டியில் சந்தைக் கூட்டம். மூட்டைக்காரர்கள் மளமளவென்று மேலே ஏறி, கைக்குக் கிடைத்ததையெல்லாம் கீழே இறக்கினார்கள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து அவித்த கடலையை உரித்துத் தின்றபடி, என்ன சுறுசுறுப்பான மக்கள் என்று மனதுக்குள் பாராட்டிக்கொண்டிருந்தேன். அருப்புக்கோட்டையில் ஏணியில் ஏறிப் பார்த்தால் கட்டில் சட்டம் மட்டும் இருந்தது.

கண்டக்டர் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"பெட்டி எங்கயும் போயிராது சார். வெங்காயம்னு நெனச்சு எறக்கியிருப்பாக. நான் மறுபடி அந்த ரூட்டுல ஏறுறப்ப விசாரிச்சு வாங்கி வைக்கிறேன்" என்றவர், "உங்க செட்டு ஆளுக பின்னால வாராகளா?" என்று கேட்டார்.

எந்தச் செட்டு என்று எனக்கு விளங்கவில்லை. தனியாகத்தான் வந்தேன் என்றேன். அவர் முகத்தில் ஒரு பரிதாபம் தெரிந்தது.

நான் அப்போது போட்டிருந்தது ஒரு டிராக் சூட். நல்ல சிவப்பு. கை நெடுகவும் கால் நெடுகவும் இரண்டிரண்டு வெள்ளைக் கோடுகள். முன்னால் ஜிப்பு, முதுகில் பள்ளியின் பெயர் ஆங்கிலத்தில். காலில் கேன்வாஸ் ஷூ, கழுத்தில் கயிற்றில் விசில். மலேசியாவில், ஈப்போவில் ஒரு பள்ளியில் நான் விளையாட்டு ஆசிரியன். இந்த உடுப்பிலேயே மார்க்கெட்டுக்குப் போவேன், கோப்பிக்கடைக்குப் போவேன், தபாலாபீசில் வரிசையில் நிற்பேன். அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. "தூங்குறப்பயாச்சும் அதைக் கழத்துடா" என்று அம்மா மட்டும் சொல்வாள். விசிலைக் கழற்ற எனக்கு ஞாபகமே வருவதில்லை.

தொலைந்த பெட்டிக்குள் இரண்டு வெள்ளை வேட்டி, இரண்டு வெள்ளைச் சட்டை, ஒரு துண்டு. துக்கம் கேட்பதற்கென்று அப்பா பார்த்துப் பார்த்து வாங்கியவை.

அந்தத் துக்கம் ஒன்றரை வருடப் பழசு. பரளச்சிக்கு உள்ளே இருக்கிற ஊர் அப்பாவின் ஊர். அவருடைய அண்ணன், என் பெரியப்பா, அங்கேயே இருந்து வெள்ளாமை பார்த்தவர். அவருக்கு ஒரே மகள். ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் தம்பியோ தம்பி மகனோதான் கொள்ளி வைக்க வேண்டும். தந்தி வந்தபோது அப்பாவின் பாஸ்போர்ட் காலாவதியாகிக் கிடந்தது. அது புதுப்பிக்கப்பட்டு வருவதற்குள் கருமாதியும் முடிந்துவிட்டது. யாரோ ஒரு தூரத்துப் பங்காளி கொள்ளி வைத்தாராம். "அந்த வீட்டு ஆளுக இனி என் வாசல மிதிக்கக் கூடாது" என்று பெரியம்மா சொன்னதாக, ஊரிலிருந்து வந்த ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு அப்பாவுக்கு ஊருக்கு வரத் தைரியமே இல்லை. சாப்பாடு குறைந்தது, பேச்சு குறைந்தது. இந்தத் தடவை பள்ளி விடுமுறை விட்டதும் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"நீ போய்க் கேட்டுட்டு வா. வெள்ளையில போ. வாசல்ல யாரும் உன்னை வாங்கன்னு சொல்ல மாட்டாக. துக்கத்துக்கு வந்தவுகள அப்படிச் சொல்றதில்ல. கொஞ்ச நேரம் தலையக் குனிஞ்சு உக்காரு. எந்திரிக்கிறப்ப போயிட்டு வாரேன்னு சொல்லிறாத, பேசாம எந்திரிச்சு வந்துரு." பிறகு, "மதினி கையால ஒரு வாய்த் தண்ணி குடுத்தாகன்னா வாங்கிக் குடிச்சிரு. அது போதும்டா எனக்கு" என்றார்.

தண்ணீர் கொடுத்தால் கோபம் தீர்ந்தது. கொடுக்காவிட்டால் இல்லை. விளையாட்டு வாத்தியாருக்கு இதைவிடத் தெளிவாக யாரும் விதி சொன்னதில்லை.

முதல் நாள் சாயங்காலம் அருப்புக்கோட்டைத் தெருக்களில் நடந்தேன். வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். ஈப்போவில் மழைச் சத்தம் எந்நேரமும் காதில் இருக்குமே, அந்த மாதிரி இங்கே இது. சைக்கிளில் பஞ்சு மூட்டை கொண்டுபோனவர் என்னைத் திரும்பிப் பார்த்து, ஒரு மாட்டு வண்டியில் இடிக்கப் போய்த் தப்பித்தார். முச்சந்தியில் நின்ற போலீஸ்காரர் என்னைக் கண்டதும் விறைப்பாக நின்றார். உடற்பயிற்சிக்குக் கிளம்பிய ஏதோ மேலதிகாரி என்று நினைத்திருக்க வேண்டும். என் முதுகைப் பார்த்த பிறகு உடம்பைத் தளர்த்திக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிட்டார்.

புரோட்டாக் கடையில்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. மொறுமொறுவென்று பொரித்த புரோட்டாவை நொறுக்கிச் சால்னாவில் ஊறப்போட்டுத் தந்தார்கள். எங்கள் ரொட்டி சானாய் இதற்குச் சின்னத் தம்பிதான். எதிரே உட்கார்ந்திருந்தவர் வெகுநேரம் என்னையே பார்த்துவிட்டுக் கேட்டார்:

"எந்தக் கல்யாணத்துக்கு வந்திருக்கீக? நீங்க குழல் ஊதுறவரா, டிரம்மு அடிக்கிறவரா?"

அந்த ஊரில் கல்யாண ஊர்வலத்துக்கு பேண்டு செட்டு வரும். அவர்களுக்குச் சிவப்புச் சட்டை, வெள்ளைக் கோடு. கண்டக்டரின் பரிதாபத்துக்கு இப்போது அர்த்தம் தெரிந்தது. செட்டைத் தவறவிட்டு, வாத்தியப் பெட்டியையும் தொலைத்த ஒரு பேண்டுக்காரனாக நான் அந்த ஊருக்குள் வந்திருந்தேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக வேட்டி வாங்கப் போனேன். நெசவு ஊரில் வேட்டிக்கு என்ன பஞ்சம்? கடையில் ஒரு கணவனும் மனைவியும். கணவர் என்னிடம் நல்ல தமிழில், "என்ன அளவுல வேணும்?" என்று கேட்டுவிட்டு மனைவியிடம் தெலுங்குக்கு மாறினார். நான் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் எங்கள் பக்கத்து வீடு முழுக்கத் தெலுங்குக்காரர்கள். அவர்கள் வீட்டுச் சோற்றிலும் திட்டிலும் வளர்ந்தவன் நான். அது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

"இதைப் பார், நெய்த துணியே இல்லை. ஸ்வெட்டர் மாதிரி பின்னியிருக்கிறது" என்றார் கணவர். "நாலு நாள் உட்கார்ந்து எழுந்தால் முழங்காலில் பை விழுந்துவிடும்."

"விழுந்தேவிட்டது, பாருங்கள்" என்றாள் மனைவி. "பாவம், யார் பெற்ற பிள்ளையோ. ராத்திரிச் சட்டையோடு வீட்டைவிட்டுத் துரத்திவிட்டார்களோ என்னவோ. விலையைப் பார்த்துச் சொல்லுங்கள்."

நான் குனிந்து என் முழங்காலைப் பார்த்தேன். உண்மைதான். இரண்டு பக்கமும் மாம்பழம் ஒளித்து வைத்த மாதிரி இருந்தது. இத்தனை வருடம் இதைப் போட்டுக்கொண்டு ஈப்போ முழுவதும் கம்பீரமாக நடந்திருக்கிறேன். வேட்டியையும் துண்டையும் வாங்கிக்கொண்டு, யாரும் துரத்தவில்லை அக்கா, பெட்டிதான் தொலைந்துவிட்டது என்று தெலுங்கில் சொன்னேன்.

அந்த அம்மாவுக்குச் சேலைத் தலைப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொள்ளத்தான் முடிந்தது. கணவர் தராசே இல்லாத கடையில் தராசைத் தேடுவது போல மேசைக்குக் கீழே குனிந்தார். பிறகு மூன்று பேரும் சேர்ந்து சிரித்தோம். வெளியே தூக்குவாளியோடு போனவரைக் கூப்பிட்டு எனக்குச் சூடாகப் பருத்திப்பால் வாங்கித் தந்தார்கள். கருப்பட்டியும் சுக்கும் மணத்த அந்தப் பாலை நான் இன்னும் மறக்கவில்லை.

எனக்கு வேட்டி கட்டத் தெரியாது என்பதையும் அங்கேயே ஒப்புக்கொண்டேன். கணவரே கட்டிவிட்டார். இரண்டு எட்டு நடந்ததும் அவிழ்ந்தது. மறுபடி கட்டினார், வாசற்படி இறங்கும்போது அவிழ்ந்தது. கடைசியில், "உள்ளுக்குள்ள அந்தக் கால்சட்டை இருக்கட்டும் சார். மேல இதைக் கட்டி பெல்ட்டுப் போட்டுக்கிடலாம். போன எடத்துல மானத்தக் காப்பாத்தணும்ல" என்றார். மேலே போட வெள்ளைச் சட்டை தைப்பதற்கு நாளாகும். என் தோள்பையில் வெள்ளை பனியன் இருந்தது. அதன் முதுகில் பெரிதாக ஏழு என்று போட்டிருக்கும். துண்டைப் போர்த்தினால் மறைந்துவிடும் என்று அந்த அம்மா வழி சொன்னாள். துக்கம் கேட்கப் போகிறேன் என்று சொன்னபோது இருவரும் பஸ் நிற்கும் இடம் வரை என்னோடு வந்தார்கள். பஸ் போய்விட்டிருந்தது. மறுநாள் காலை பஸ்ஸில்தான் போக முடிந்தது.

முந்தின ராத்திரி நல்ல மழை. அது கரிசல் காடு. காய்ந்து கிடந்தால் வெடித்துக் கிடக்கும், நனைந்தால் விடாது. பரளச்சிக்கு முன்னால் ஒரு பள்ளத்தில் பஸ் சிக்கிக்கொண்டது. டிரைவர் உறுமினார், சக்கரம் சுற்றியது, பஸ் நகரவில்லை. "ஆம்பளையெல்லாம் எறங்குங்க!" என்று கண்டக்டர் கத்தினார். உடற்பயிற்சி என்றால் எனக்குக் கை அரிக்கும். முதல் ஆளாகக் குதித்து, எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, பழக்க தோஷத்தில் விசிலும் ஊதிவிட்டேன். "ஒண்ணு, ரெண்டு, தள்ளு!"

பஸ் நகர்ந்தது. என் வேட்டியும் அதோடு நகர்ந்தது. பின் சக்கரம் வேட்டியின் நுனியை மிதித்து, பெல்ட்டிலிருந்து உருவி, சேற்றுக்குள் புதைத்துவிட்டு மேலே ஏறிப் போயிற்று. வாரி இறைத்த சேற்றில் பனியனும் துண்டும் கறுப்பாகிவிட்டன. நான் சிவப்புக் கால்சட்டையோடு நின்றேன். பஸ் முழுவதும் கைதட்டியது. பேண்டுக்காரர் வேட்டிக்குள்ளே உடுப்பை ஒளித்து வைத்திருந்தாரே என்று ஒருவர் ஆச்சரியப்பட்டார்.

வேட்டியைச் சேற்றிலிருந்து இழுத்தெடுத்துச் சுருட்டிப் பைக்குள் வைத்தேன். குளிரில் நடுங்கியதால் வேறு வழியில்லாமல் சிவப்புச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

பரளச்சியில் இறங்கியபோது என்னோடு ஒரு கருவாட்டுக்கூடைக்கார அம்மாவும் இறங்கினாள். பெயர் காளியம்மா. அப்பாவின் ஊர்ப் பெயரைச் சொன்னதும், "நானும் அங்குட்டுத்தான் வாரேன் தம்பி. கூட வாங்க" என்றாள். யார் வீடு என்றும் கேட்டாள். பெரியப்பா பெயரைச் சொன்னேன். "அதான பாத்தேன். ஒங்களத்தான் தேடிக்கிட்டு இருக்காக" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

என்னையா? நான் வருவது யாருக்கும் தெரியாதே?

வரப்பில் நடந்தோம். ஷூவுக்கு அடியில் கரிசல் மண் அப்பி, எட்டுக்கு எட்டு நான் உயர்ந்துகொண்டே போனேன். காளியம்மா வெறுங்காலில் கூடையோடு சறுக்காமல் போனாள். இரண்டு பக்கமும் மல்லிச்செடி, பருத்தி, தூரத்தில் கம்பு. எங்கள் ஊரில் கித்தா என்று சொல்கிற ரப்பர் காட்டுக்குள் பத்தடிக்கு அப்பால் நிற்கிற ஆள் தெரியாது. இங்கே வானம் தரையைத் தொடுகிற இடம் வரை பார்வை போகிறது. அவ்வளவு தூரமும் என் சிவப்புத் தெரியும் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. துக்கம் கேட்கிறவன் இப்படியா போவது? வழியில் ஒரு ஓடை வந்தால் வேட்டியை அலசலாம் என்று பார்த்தேன். வந்த ஓடையும் சேறாகவே ஓடியது.

ஊர் முகப்பில் மூன்றாவது வீடு. வாசலில் என் வயதையொத்த பெண் ஒருத்தி நின்றிருந்தாள். ராமுத்தாயி என்று அப்பா சொல்லியிருந்த பெரியப்பா மகள் அவளாகத்தான் இருக்க வேண்டும். என்னைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க வாங்க! நேத்தே வருவீகன்னு பாத்துக்கிட்டு இருந்தோம். செவப்பு அம்புட்டுத் தூரத்துலயே தெரிஞ்சிருச்சு. அம்மா, வந்துட்டாக!"

யாரும் வாங்க என்று சொல்லமாட்டார்கள் என்றல்லவா அப்பா சொன்னார்? கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை; ஒன்றரை வருடமாக அப்பா வீணாகத்தான் வெந்துகொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். அதற்குள் உள்ளேயிருந்து வெள்ளைச் சேலை கட்டிய ஒல்லியான அம்மாள் ஒருவர் பித்தளைச் செம்போடு வந்தார். பெரியம்மா.

"வாங்க. சேத்துல நடந்து வந்திருக்கீக. மொதல்ல இதைக் குடிங்க."

இரண்டு கையாலும் வாங்கினேன். ஊருணித் தண்ணீர். தேத்தாங்கொட்டை உரைத்துத் தெளியவைத்தது என்று பின்னால் தெரிந்தது. அண்ணாந்து குடிக்கத் தெரியாமல் பாதியைச் சட்டையில் கொட்டிக்கொண்டேன். பெரியம்மா சிரித்தார். அந்த ஒரு வாய்த் தண்ணீர் உள்ளே இறங்கியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா, வாங்கிவிட்டேன் என்று மனதுக்குள் சொன்னேன்.

"எத்தன பேரு வருவீக?" என்று கேட்டார் பெரியம்மா. "மாப்பிள வீடு திருச்சுழி. பொண்ணழைப்புக்கும் சேத்து வாசிக்கணும். எம் மகளுக்குத் தகப்பன் இல்லாத கல்யாணம்னு ஒரு பய சொல்லிறக் கூடாது."

செம்பு என் கையிலேயே இருந்தது. ராமுத்தாயி கல்யாணத்துக்கு அச்சாரம் வாங்க அருப்புக்கோட்டையிலிருந்து வரவேண்டிய பேண்டு செட்டுக்காரனைத்தான் அவர்கள் எதிர்பார்த்திருக்கிறார்கள். வாங்க என்றது அவனை. தண்ணீர் கொடுத்தது அவனுக்கு.

வாயைத் திறக்காமல் நாலு வார்த்தைக்குத் தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். மதினி கையால் தண்ணீர் குடித்தேன் என்று அப்பாவிடம் சொன்னால் அது பொய்யும் இல்லை. ஒரு நொடி அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அடுத்து அப்பா, "என்னடா சொன்னாக?" என்று கேட்பாரே. தெரியாமல் உள்ளே விழுந்த பந்தை கோல் என்று விசில் ஊத எனக்கு வராது.

"பெரியம்மா, நான் பேண்டுக்காரன் இல்ல. குருசாமி மகன். ஈப்போவுல இருந்து பெரியப்பா துக்கத்தைக் கேக்க வந்தேன்."

ராமுத்தாயியின் சிரிப்பு நின்றது. பெரியம்மா என் கையிலிருந்த செம்பை வெடுக்கென்று பிடுங்கினார்.

"தண்ணிய வாங்கிக் குடிச்சுப்புட்டா சொல்ற? துக்கம் கேக்க வந்தவன் செவப்புலயா வருவான்? ஒங்கப்பன் அப்ப வரல. இப்ப ஒன்ன இந்தக் கோலத்துல அனுப்பி என்னைக் கேலி பண்ணுறானா?"

உள்ளே போய்விட்டார். நான் தலை குனிந்து வாசலிலேயே நின்றேன். காளியம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, கதவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்:

"ஏத்தா, இங்க பாரு. வாங்கன்னு சொன்னது ஒம்மக. தண்ணி குடுத்தது நீயி. இனி எந்த மொகத்த வச்சுக்கிட்டு வராதன்னு சொல்லுவ? அந்தத் தம்பி வெள்ள வேட்டி கட்டித்தான் வந்துச்சு. பஸ்ஸத் தள்ளுனப்ப சக்கரம் உருவிருச்சு. நானே கண்ணால பாத்தேன்."

நான் பைக்குள்ளிருந்து வேட்டியை எடுத்து விரித்தேன். அதில் வெள்ளை என்று ஒரு சாண்கூட இல்லை. நுனியில் டயர் அச்சு.

பெரியம்மா வெளியே வந்தார். வேட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பட்டென்று உடைந்துபோனார்.

"எவனோ ஒருத்தன் கொள்ளி வச்சான். நீயில்ல வைக்கணும்? அன்னிக்கு ஒங்கப்பன் வருவான் வருவான்னு பொழுது சாயுற வரைக்கும் எடுக்கவிடாம வச்சிருந்தேன். ஊரே என்னை ஏசுச்சு."

எனக்கும் அழுகை வந்துவிட்டது. பாஸ்போர்ட் கதையைச் சொன்னேன். அதைவிட முக்கியமானதையும் சொன்னேன். "அப்பாவுக்குக் கோபம் எதுவும் இல்ல பெரியம்மா. பயம். வாசல்ல வந்து நின்னா நீங்க வாங்கன்னு சொல்ல மாட்டீங்களோன்னு பயந்துக்கிட்டே இருக்காரு. அதான் சாப்பாடுகூட எறங்கல."

அவர் மூக்கைச் சிந்திவிட்டு, என் கையிலிருந்த வேட்டியை வாங்கிக்கொண்டு கொல்லைப்புறம் போனார். கல்லில் துணி அடிக்கிற சத்தம் கேட்டது. என் ஜென்மத்தில் அவ்வளவு ஆறுதலான சத்தத்தைக் கேட்டதில்லை. அந்த ஊரில் தண்ணீர் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்பதை, வரும் வழியில் குடத்தோடு நடந்த பெண்களைப் பார்த்தே தெரிந்துகொண்டிருந்தேன். என் வேட்டிக்காக மூன்று தடவை குடத்தைச் சாய்த்தார்.

வேட்டி கொடியில் காய்கிற வரை நான் போக முடியாது. காளியம்மாவின் கூடையிலிருந்து கருவாடு வாங்கினார்கள். ராமுத்தாயி என்னை அண்ணன் என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள். என் சட்டையின் ஜிப்பை இழுத்து இழுத்துப் பார்த்து, "பேண்டு செட்டுக்காரரு வந்தா ரெண்டு பேரையும் பக்கத்துல நிறுத்திப் பாக்கணும்ண்ணே" என்றாள். மத்தியானம் கம்பஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும். நான் தட்டில் கை வைக்கத் தயங்கினேன். துக்க வீட்டில் சாப்பிடலாமா என்று அப்பா எதுவும் சொல்லித்தரவில்லை. "கைய நனைடா" என்றார் பெரியம்மா. டா என்று கூப்பிட்டதும் என் பசி இரண்டு மடங்கானது. குழம்பின் காரத்தில் கண்ணில் நீர் வந்தது. அதற்காவது நியாயமான காரணம் இருந்ததே என்று எனக்கு நிம்மதி.

சாயங்காலப் பஸ்ஸுக்கு நேரமாயிற்று. பெரியம்மா வேட்டியை மடித்து என்னிடம் நீட்டினார். கரிசல் கறை முழுவதும் போகவில்லை. ஆனால் வேட்டி வேட்டியாகிவிட்டிருந்தது. அதைக் கட்டிக்கொள்ள நான் முயலவில்லை. சிவப்பிலேயே எழுந்து, அப்பா சொல்லியனுப்பியபடி ஒரு வார்த்தையும் பேசாமல், திரும்பிப் பார்க்காமல் வாசலில் இறங்கினேன்.

"ஏண்டா, நாக்கு இல்லயா?"

நின்றேன்.

"சொல்லாமப் போனா என்ன அர்த்தம்? போயிட்டு வாரேன்னு சொல்லு."

திரும்பி நின்று, "போயிட்டு வாரேன் பெரியம்மா" என்றேன்.

"ம்ம். தை மாசம் கல்யாணம். என் கழுத்துல தாலி இல்ல. நான் எந்திரிச்சு நிக்க முடியாது. இவளத் தாரை வார்த்துக் குடுக்கணும். ஒங்கப்பன வந்து குடுக்கச் சொல்லு. நீ மட்டும் இந்தச் சட்டையில வந்துறாத. பங்கு கேக்க வந்துட்டன்னு செட்டுக்காரக அடிச்சுப் போடுவாக."

பரளச்சி வரைக்கும் என் கால் தரையில் பட்டதா என்று தெரியவில்லை. இத்தனைக்கும் ஷூவில் அதே சேறுதான்.

மறுநாள் திரும்பும்போது காரியாபட்டியில் பஸ் நின்றதும் அதே கண்டக்டர் ஜன்னலைத் தட்டி, பெட்டி கிடைத்துவிட்டது என்று பக்கத்து டீக்கடைக்கு என்னைக் கூட்டிப்போனார். டீக்கடைக்காரர் என் பெட்டியை வெங்காயத்தோடு சேர்த்து எடுத்துக்கொண்டு போய், வீட்டில் வைத்துப் பார்த்து, அடுத்த பஸ்ஸிலேயே திருப்பிக் கொண்டுவந்து கடையில் வைத்திருந்தாராம். பூட்டு அப்படியே இருந்தது. பிள்ளைகள் யாரும் ஏறி உட்காரக் கூடாதென்று மேலே ஒரு பூசணிக்காயை வேறு வைத்திருந்தார். நன்றி சொன்னேன். "அதெல்லாம் எதுக்கு? கச்சேரி நல்லபடியா நடந்துச்சா?" என்று கேட்டார். ரொம்ப நல்லபடியாக நடந்தது என்றேன். ஒரு டீ குடிக்க வைத்துத்தான் அனுப்பினார். யாருக்கு எவ்வளவு கடன்பட்டுவிட்டேன் என்று அந்தப் பஸ்ஸில் எண்ணிப் பார்த்தேன்: வேட்டிக்கடைத் தம்பதி, காளியம்மா, டீக்கடைக்காரர், வராமல் போன அந்த பேண்டு செட்டுக்காரர். முகம்கூடத் தெரியாத அந்த மனிதர் முந்தின நாளே வந்திருந்தால் என்னை யார் வாங்க என்றிருப்பார்கள்?

ஈப்போ வீட்டில் அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். பெட்டியை வாங்கவில்லை, எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை.

"தண்ணி குடுத்தாகளா?"

"குடுத்தாங்க. யாருன்னு தெரியாமக் குடுத்தாங்க."

அவர் முகம் சுருங்கியது. "தெரிஞ்ச பொறகு?"

"சோறு போட்டாங்க."

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். வேட்டி சேற்றில் போன இடத்தில் அம்மாதான் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. கடைசியில் கேட்டார்:

"வரும்போது என்ன சொல்லிட்டு வந்த?"

"போயிட்டு வாரேன்னு சொல்லிட்டு வந்தேன். அவங்கதான் சொல்லச் சொன்னாங்க. தை மாசம் நீங்கதான் வந்து தாரை வார்த்துக் குடுக்கணுமாம்."

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு, ஆறு வருடமாக வீட்டுக்குள் வரும்போதெல்லாம் முறைத்த அந்த டிராக் சூட்டைக் கையை நீட்டித் தொட்டுப் பார்த்தார். கோட்டை வருடினார், ஜிப்பை ஒருமுறை ஏற்றி இறக்கினார்.

"எனக்கும் இதுல ஒண்ணு எடுத்துக் குடுடா" என்றார். "கல்யாணத்துக்கு வேட்டி கட்டிக்கிடுறேன். வாசல் வரைக்கும் இதுல போறேன். தூரத்துல இருந்து பாத்து, மதினி மொதல்ல வாங்கன்னு சொல்லிறட்டும்."